அரைப் பீடி நேரம்

மலையகத்து அட்டன் நகரில் நான் வேலை பார்த்த காலத்தில், சட்டம் அனுமதிக்காமலே அதிகம் பேரின் கன்னத்தில் அறைந்தவர் அந்த ஸ்டூடியோக்காரர்தான். சட்டம் அனுமதித்தவர்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

இரும்புக் கடை ஒன்றின் மேல்மாடியில் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. மரப்படி ஏறிப் போனால் ஒரு ஸ்டூல், பின்னால் நீலத் திரை, பக்கத்தில் ஒரே ஒரு விளக்கு. மற்ற ஸ்டூடியோக்களில் பளிச்சென்று ஒரு வெளிச்சத்தை முகத்தில் அடித்து ஆளை அனுப்பிவிடுவார்கள். இவருக்கு அது பிடிக்காது. "அது மூஞ்சி இல்லைங்கய்யா, அவிச்ச முட்டை" என்பார். இருக்கிற வெளிச்சத்தில் கமராவின் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்துப் படம் பிடிப்பதுதான் அவர் வழி. அட்டனில் இருக்கிற வெளிச்சம் என்பது பெரும்பாலும் பனிமூட்டம். ஆகவே ஸ்டூலில் உட்கார்ந்தவர் கல்லாக வேண்டும். "ஆடாத" என்று ஒருமுறை சொல்வார். அடுத்த முறை கை சொல்லும்.

வட்டவளைப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவருக்குக் கல்யாணத்தன்று காலையிலேயே விழுந்தது. அந்தப் படத்தில் மணமகளின் வெட்கமும் மணமகனின் கன்னத்தில் நான்கு விரலும் ஒரே தெளிவில் இருந்தன. இரு வீட்டாரும் சண்டைக்கு வந்தார்கள். படத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் சண்டையை மறந்து இன்னும் இரண்டு பிரதி கேட்டார்கள்.

நான் யாழ்ப்பாணத்தான். நீதவான் நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்தேன். அலுவலக அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது என் காதருகே கையைக் கொண்டுவந்து காட்டிவிட்டு, "ஐயா கோர்ட்டு ஆளு. அதனால வாயால சொல்றேன், ஆடாதீங்க" என்றார்.

"ஏன் காணும் சனத்துக்கு அடிக்கிறீர்? காயம் ஏற்படுத்தல் என்று ஒரு குற்றம் இருக்கிறது தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியுங்கய்யா. போன மாசம் ஒரு பையன். அடையாள அட்டைப் படம் கலங்கிப் போயிருக்கு. 'இது நீ இல்லடா'ன்னு சோதனைச் சாவடியில இறக்கிட்டாங்க. மூணு நாளு கழிச்சு வந்தான், பல்லு இல்லாம. வேற ஸ்டூடியோவுல எடுத்த படம். நான் ஒண்ணு விட்டிருந்தா அவனுக்கு அத்தனை விழுந்திருக்காது."

தொண்ணூறுகளில் தோட்டத்து இளைஞர்களுக்கு முகத்தைவிட முகத்தின் படம் முக்கியமாக இருந்தது உண்மைதான். ஆனால் வாதம் சரியாக இருப்பதனால் அறை மெதுவாக விழாது. அவர் சொன்ன காரணத்துக்கு அப்பாலும் அந்தக் கைக்கு ஆசை இருந்தது. அது எனக்கு வழக்கேட்டின் மூலமே தெரியவந்தது.

அவருடைய மனைவி வலப்பனைப் பெண். மாதாமாதம் செலவுப் பணம் கேட்டுத் தாபரிப்பு வழக்குப் போட்டு எங்கள் நீதிமன்றத்துக்கு வந்தார். இடது காது கேட்காது. யார் பேசினாலும் முகத்தைச் சற்றுத் திருப்பி வலது காதைக் கொடுப்பார். ஸ்டூடியோக்காரர் சட்டத்தரணி வைக்கவில்லை.

"அடித்தீரா?" என்று நீதவான் கேட்டார்.

"ஆமாங்க."

"ஏன்?"

"இருட்டறைக் கதவைத் தொறந்துட்டா. உள்ள கோயில் படம் கழுவிக்கிட்டிருந்தேன். பூரா வெள்ளையாப் போச்சு."

"அதற்காகக் காது செவிடாகும்படி அடிப்பீரா?"

"படம் கெட்டுப்போனா திரும்ப எடுக்கலாம்ங்க. அது அப்பறந்தான் தோணுச்சு" என்றார். மனைவி தாய் வீட்டுக்குப் போய்விட்டார். தாபரிப்பு உத்தரவை அவர் ஒரு மாதமும் மீறவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. உத்தரவில் அது இருக்கவில்லை.

கோயில் படம் என்று அவர் சொன்னதை விளக்க வேண்டும். மஸ்கெலியாப் பக்கத்தில் அணைகட்டித் தண்ணீர் தேக்கியபோது பழைய கோயில் ஒன்று உள்ளே போனது. வறட்சி வந்தால் அதன் தலை தெரியும். மற்ற நாட்களில் அது, சாயத் தேத்தண்ணியில் போட்ட சீனிக்கட்டி போல எங்கோ அடியில் கிடக்கும். அவர் அதைத் தண்ணீருக்குள்ளேயே படமெடுத்தார். தகரப் பெட்டிக்குள் கமரா, பெட்டியின் முன்பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலைக் கொதிகலனிலிருந்து கழற்றிய தடித்த கண்ணாடி, ஓரமெல்லாம் சைக்கிள் டியூப் ரப்பர். சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று பெட்டியிலிருந்து மேலே வரும். லொறி டியூபுகளைக் கட்டிய மிதவையில் போய், மூழ்கிப் பெட்டியை அடியில் நிறுத்திவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்து கம்பியை இழுப்பார். கண் திறந்துகொள்ளும். உடனே ஒரு பீடி பற்றவைப்பார். பீடி விரலைச் சுடும்போது கம்பியை விடுவார். அவ்வளவுதான் கணக்கு. கலங்கல் என்றால் ஒரு பீடி. தெளிந்த வெயிலென்றால் அரைப் பீடி.

"அவ்வளவு நேரத்துக்குள் மீன் குறுக்கே வராதா?" என்று கேட்டேன்.

"வருங்க. போயிடுங்க. சருகு, மீன், பாம்பு எல்லாம் வந்துட்டுப் போயிடும். படத்துல விழாது. நின்னது மட்டுந்தான் விழும்" என்றார். அந்தக் கோயில் தூணின் படம் தோட்டத்து வீடுகளில் சாமி படங்களுக்கு நடுவே தொங்கியது. மூழ்கிய கோயிலில் கும்பிட்டவர்களின் பிள்ளைகள் அதற்குப் பூ வைத்தார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவர் ஸ்டூடியோவில் கணினி வந்தது. கொழும்பிலிருந்து வந்து பொருத்தியவன் படம் திருத்தும் மென்பொருளின் பெயரைச் சொன்னான். அதில் வரும் 'ஷொப்' என்பது இவர் காதில் 'சோப்பு' என்று விழுந்தது. கடைசிவரை அதை மாற்றவில்லை. "படத்துக்குச் சோப்புப் போட்டுட்டேன், வந்து வாங்கிக்க" என்பார். சட்டையில்லாதவனுக்குக் கோட் மாட்டினார். கண்மூடியவனுக்குக் கண் திறந்தார். செத்துப்போன தகப்பனை மகள் கல்யாணத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். தன் கைவிரல் பதிந்த கன்னங்களையும் அவரே துடைத்துக் கொடுத்தார். அறை இலவசம், அழிப்பதற்குத்தான் காசு.

கணினி வந்த வருடத்து வறட்சியில், கோயில் தூணுக்குப் பக்கத்தில் பெட்டியை நிறுத்த மூழ்கியவரின் கையில் ஒரு சட்டை பட்டது. சட்டைக்குள் ஆள் இருந்தான்.

தோட்டமொன்றைச் சேர்ந்த இளந்தொழிலாளி. சில நாட்களாகக் காணவில்லை. நீர்த்தேக்கக் கரையில் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சியவர்களைப் பொலிஸில் சொல்லிக்கொடுத்தவன் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததைச் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அவனுடைய தாய் வேறொன்று சொன்னாள்: "இவ வாய் தாங்காமத்தான் எம்புள்ள தண்ணியில விழுந்துட்டான்." இவள் என்பது மருமகள். லயத்து அறையிலிருந்து அவளுடைய பாத்திரங்கள் வெளியே எறியப்பட்டன. கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டில் ஒதுங்கினாள். தற்கொலை என்று தீர்ப்பு வந்தால் அவள் வாய்தான் கொலைகாரி. அதற்கு மேன்முறையீடு கிடையாது.

அன்று பிணத்தைக் கண்டதும் ஸ்டூடியோக்காரர் மேலே வந்து, கரையில் நின்றவர்களைப் பொலிஸுக்கு ஓடச் சொன்னார். பிறகு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியைப் பிணத்தை நோக்கித் திருப்பி வைத்து, மேலே வந்து கம்பியை இழுத்துப் பீடி பற்றவைத்தார். பிணத்தைத் தூக்காமல் புகைக்கிறானே என்று கரையிலிருந்தவர்கள் கல்லால் எறிந்தார்கள். ஒரு கல் நெற்றியைப் பிளந்தது. இரத்தம் வழிய வழியப் பீடியை முடித்த பிறகுதான் கம்பியை விட்டார்.

பொலிஸ் வந்தது. மூழ்கத் தெரிந்தவன் யார் என்று சார்ஜன்ட் கேட்டபோது கரையிலிருந்த கசிப்புக்காரர்களில் ஒருவன் தானாகவே முன்வந்து சட்டையைக் கழற்றினான். உள்ளே வெகுநேரம் இருந்தான். பிணத்தோடு மேலே வந்தான். உடம்பில் கயிறு எதுவும் இல்லை. தோல் ஊறிப் பிரிந்திருந்ததால் காலில் தடம் இருந்ததா என்று வைத்தியராலும் சொல்ல முடியவில்லை.

இரண்டொரு நாளில் ஸ்டூடியோக்காரர் நெற்றியில் கட்டோடு என் மேசைக்கு வந்து ஒரு படத்தை வைத்தார். கரும்பச்சை இருட்டு. நடுவில் புகை போல ஒன்று நின்றது. சட்டையும் தலையும் கையும் கலைந்து கலந்த புகை. அதன் அடியில் இரண்டு பாதங்கள். விரல் நகம்வரை தெளிவு, கல்லில் செதுக்கியதுபோல.

"பாத்தீங்களாய்யா? மேல ஆடுது. கால் ஆடல. தண்ணிக்குள்ள பிணம் மிதக்கத்தான் பாக்கும். இவன் நின்னுக்கிட்டிருக்கான். காலை எதுவோ பிடிச்சிருக்கு."

"கயிறு எங்கே?"

"கயிறு இருட்டுல கிடக்கு. எவ்வளவு சோப்புப் போட்டும் வரல."

படத்தை என் மேசையில் வாங்க விதியில்லை; செத்தவனுடைய மனைவியின் சட்டத்தரணி ஊடாக, சத்தியக் கடதாசியுடன், நெகட்டிவையும் சேர்த்துச் சமர்ப்பிக்க வேண்டும் என்றேன். "உங்க விதிய ஸ்டூல்ல உட்கார வச்சா நல்லா நிக்கும்ங்கய்யா. ஆடவே ஆடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் விதிப்படியே செய்தார்.

அதற்கிடையில் அந்த மருமகளின் அண்ணன் ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறான். கீழே இரும்புக் கடையில் நான் பூட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். மேலே பேசுவது பலகை இடுக்கு வழியே கேட்டது.

"அண்ணே, ஒரு கயிறு மட்டும் போட்டுருங்க. கோட்டே போடுறீங்க, கயிறு போடக் கையா வலிக்குது? அவ புள்ளையோட தெருவுல நிக்கிறா."

"இல்லாததப் போடமாட்டேன்."

"இல்லாமலா? இருந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படத்துக்குத் தெரியலைன்னா நம்ம சொல்லிக் குடுக்கிறதுதானே?"

பிறகு கேட்டது பேச்சல்ல. அண்ணன்காரன் மரப்படியில் உருண்டு என் காலடியில் வந்து விழுந்தான். உதடு கிழிந்திருந்தது. மேலேயிருந்து அவர் குரல் வந்தது. "கல்யாணத்துக்கு நூறு பொய் போட்டிருக்கேன்டா. அவன் காலுக்கு ஒண்ணுகூடப் போடமாட்டேன்."

விசாரணையன்று பிணத்தை மூழ்கி எடுத்தவனின் சார்பில் ஒரு சட்டத்தரணி வந்திருந்தார். நகரில் பெயரெடுத்தவர், தொண்டையைச் செருமியே சாட்சிகளை அழவைப்பார்.

"கமராவின் கண் எவ்வளவு நேரம் திறந்திருந்தது?"

"ஒரு பீடிங்கய்யா."

"எந்தப் பீடி? ஒவ்வொரு பீடியும் ஒவ்வொரு நீளமாக இருக்குமே."

"நான் குடிக்கிற பீடிங்க. ஐயா சிகரெட்டுக்காரர், உங்களுக்கு வெளங்காது."

"சரி. பிறகு இந்தப் படத்தை என்ன செய்தீர்?"

"சோப்புப் போட்டேங்க."

மொழிபெயர்ப்பாளர் கண்ணியமானவர். சவர்க்காரம் இட்டுக் கழுவினார் என்று சிங்களத்தில் சொன்னார். நீதவான் நிமிர்ந்தார். சட்டத்தரணிக்குக் கொண்டாட்டம். "சான்றுப் பொருளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருக்கிறார், கௌரவ நீதவான் அவர்களே." சாட்சிக்கு விளக்கம் சொல்லப் பதிவாளருக்கு விதியில்லை. பதிவில் பிழை விழுந்தால் சுட்டிக்காட்ட விதியுண்டு. அந்த இடுக்கு வழியாக எழுந்து, அது மென்பொருள் என்று சொன்னேன். மன்றம் சிரித்தது. சட்டத்தரணி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இன்னும் நல்ல கேள்வி கிடைத்துவிட்டது.

"அந்த மென்பொருளால் இல்லாத கோட்டை மாட்டுவீர்?"

"மாட்டுவேங்க."

"செத்தவரை எழுப்பி நிறுத்துவீர்?"

"நிறுத்துவேங்க."

"அப்படியானால் இந்தக் காலையும் நீரே தெளிவாக்கினீர்?"

"இதுக்குச் சோப்பு மட்டுந்தாங்க போட்டேன். சாயம் போடல. சோப்பு அழுக்க எடுக்கும். புதுசா ஒண்ணையும் கொண்டாராது."

நெகட்டிவ் கொண்டுவரப்பட்டது. சட்டத்தரணி அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். வெறும் கண்ணுக்கு அது ஏறக்குறைய ஒன்றுமில்லாத துண்டு. உற்றுப் பார்த்தால் மட்டும் அடியில் இரண்டு மங்கல். "கால்தான் என்றாலும், குதிகால் சேற்றில் புதைந்திருக்கலாம். சேறு பிடித்தால் கயிறு எதற்கு?" என்று முடித்தார். பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த மாமியார் தலையாட்டினாள். மருமகள் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

ஸ்டூடியோக்காரர் கூண்டிலிருந்து இறங்கவில்லை. "சேறு எப்படிப் பிடிக்கும், கயிறு எப்படிப் பிடிக்கும்னு எடுத்துக் காட்டுறேங்க. என் காலையே கட்டுங்க" என்றார்.

உயிருள்ள சாட்சியைத் தண்ணீருக்குள் கட்டி வைக்க எந்தச் சட்டத்திலும் ஏற்பாடில்லை என்று நீதவானுக்குச் சொன்னேன். "தடை இருக்கிறதா?" என்றார். இப்படியொருவன் வருவான் என்று சட்டம் செய்தவர்கள் நினைத்திருக்கவில்லை, தடையும் இல்லை. இளம் நீதவான், ஸ்தலப் பார்வைக்கு உத்தரவிட்டு, 'சாட்சியின் சொந்தப் பொறுப்பில்' என்று எழுதினார்.

வெயில் தெளிந்த ஒரு முற்பகலில் எல்லோரும் நீர்த்தேக்கக் கரைக்குப் போனோம். பெட்டி உள்ளே இறங்கியது. பிரேக் கம்பி மிதவையிலிருந்த சார்ஜன்ட் கையில். அவிழ்ப்பதற்குக் கத்தியோடு தண்ணீரில் நின்றவன், உதடு கிழிந்த அந்த அண்ணன்காரன். வேறு நீச்சல்காரனை ஸ்டூடியோக்காரர் நம்பவில்லை. "அன்னிக்கு வாங்குனத மறந்துட்டு வெட்டுவியாடா?" என்றார். "மறக்கமாட்டேன். ஆனா வெட்டுவேன்" என்றான் அவன்.

நேரத்தை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. நீதவானின் கடிகாரத்தை அவர் ஏற்கவில்லை. அந்தக் கரையில் பீடி குடிக்கிறவர் என்று பார்த்தால் ஒரே ஆள்தான் இருந்தாள்: செத்தவனின் தாய்.

"ஆத்தா, மொதப் பாதி சேத்துக்கு. அணைச்சு வச்சுக்க. ரெண்டாம் பாதி கயித்துக்கு. நல்லா இழுத்துக் குடி, என் உசுரு உள்ள இருக்கு."

"எனக்கு நீ சொல்லித் தாறியா? ஒங்கப்பன் பொறக்கையில குடிச்சவ நான்" என்றாள் கிழவி.

முதலில் இரண்டு காலையும் கணுக்கால்வரை சேற்றில் ஊன்றிக்கொண்டு மூழ்கினார். கிழவி கண்ணை மூடி நிதானமாகப் புகைத்தாள். பீடி பாதிக்கு வருமுன்னே அவரைச் சேறு இரண்டு தடவை விட்டுவிட்டது. மேலே வந்தார். திரும்பத் திரும்பப் போனார். சட்டத்தரணி தன் சப்பாத்தில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்து இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டி, கயிற்றின் மறுமுனையில் பெரிய கல்லைக் கட்டினார்கள். கல் போனது. அவரும் போனார். சார்ஜன்ட் கம்பியை இழுத்தார். கிழவி பாதிப் பீடியை மறுபடி பற்றவைத்தாள்.

இந்தமுறை அவள் கண்ணை மூடவில்லை. தண்ணீரையே பார்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு குமிழிகள் வந்தன, ஒன்றிரண்டாக, பிறகு கொத்தாக. அதன்பின் தண்ணீரின் மேல்தோல் உள்ளிருந்து யாரோ குத்துவதுபோலத் துள்ளத் தொடங்கியது. மேலே வரத் தவித்த உடம்பு, வர முடியாமல், அதே இடத்தில் நின்று அடித்துக்கொண்டது. ஒரு கை மேலே வந்து காற்றைப் பிடித்துவிட்டு இறங்கியது. மிச்சப் பீடியில் இன்னும் பாதிகூடப் போகவில்லை. கிழவி அதைத் தண்ணீரில் வீசினாள்.

"வெட்டுங்கடா. எம்புள்ளைய வெட்டி விடுங்கடா."

அண்ணன்காரன் மூழ்கினான். ஸ்டூடியோக்காரரை இழுத்துக் கரையில் போட்டார்கள். மூக்கால் இரத்தம். வாந்தியெடுத்து முடித்ததும் கேட்ட முதல் கேள்வி: "யாரு நிறுத்தினது? பீடி முடியலையே."

"நாந்தான்" என்றாள் கிழவி. "பாத்துட்டேன். போதும்."

அவர் கை எழுந்தது. அங்கிருந்த எல்லோரும் அதைப் பார்த்தோம். கிழவியும் பார்த்தாள், முகத்தைத் திருப்பவில்லை. அந்தக் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, பிறகு தன் மூக்கு இரத்தத்தைத் துடைத்துக்கொண்டது. கிழவி எழுந்து, கூட்டத்தின் பின்னால் நின்ற மருமகளிடம் போய்க் குழந்தையைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்தாள். "வாடி. வீட்டுக்குப் போவோம். சட்டி பானையெல்லாம் நான் எடுத்து வைக்கிறேன்" என்றாள். மருமகள் நகரவில்லை. கிழவி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஏறிப் போனாள். நீதவானின் உத்தரவுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை.

இரண்டு படங்களும் மன்றத்துக்கு வந்தன. சேற்றுப் படத்தில் அடியிலிருந்து முடிவரை வெறும் புகை. கயிற்றுப் படத்தில் மேலே புகை, கீழே இரண்டு பாதங்கள். கொலை என்று நீதவான் எழுதினார். பிணத்தை மூழ்கி எடுத்தவன் கொலைக் குற்றச்சாட்டோடு மேல்நீதிமன்றத்துக்குப் போனான். அங்கே வழக்கு நடந்த விதத்தைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் இரத்த அழுத்தம் இடம் தராது.

ஸ்டூடியோக்காரர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த வாரமே பாடசாலை அதிபர் ஒருவருக்கு அறை விழுந்தது.

நான் ஓய்வு பெற்றும் அட்டனைவிட்டுப் போகவில்லை. ஸ்டூடியோக்காரர் இறந்த சில நாட்களில் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தார். முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்தபோதுதான் யாரென்று தெரிந்தது. கருமாதிக்கு வைக்க ஒரு படம் வேண்டுமாம். ஸ்டூடியோ முழுவதும் தேடியிருக்கிறார். ஊரார் எல்லோருடைய முகமும் இருந்தது. அவருடையது இல்லை. அந்த ஸ்டூலில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

என்னிடம் ஒன்று இருந்தது. வழக்கு முடிந்த பின் அவரே கொண்டுவந்து தந்த, அந்தக் கயிற்றுப் படத்தின் பிரதி. "இதில் முகம் விழவில்லை" என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவர் அதை ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"இது அவரு காலுதான்ங்கய்யா. இந்தக் கட்டைவிரல் எனக்குத் தெரியும்." விரல் மெதுவாகப் படத்தின் மேல்பக்கம் ஏறியது. அங்கே புகை. "கை எங்கங்கய்யா?"

"கை ஆடிக்கொண்டிருந்தது. அதனால் விழவில்லை."

கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன். கேட்டிருந்தது. படத்தைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தார்.

"நல்லதுங்கய்யா. இதையே மாட்டுறோம்."